துணையிருப்பு நேரம்

காப்பு கத்தினால் நான் போக வேண்டும். கத்தாவிட்டால் போகக் கூடாது. என் வேலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

முப்பந்தலுக்குக் கிழக்கே, காற்றாலைக் காட்டின் நடுவில், தகரக் கூரை போட்ட ஒரு நிலையம் இருக்கிறது. அதில் ஒரு வண்டியும் ஒரு ஆளும் உண்டு. வண்டி தானே வானத்தில் எழும்பும், தானே வழி பார்க்கும், தானே இறங்கும். ஆள் நான். பெயர் ஆறுமுகநயினார். ஊர்க்காரர்கள் எல்லாம் நகரத்துக் கோபுர வீடுகளுக்குக் குடிபோன பிறகும், போக மாட்டோம் என்று அங்கங்கே ஒற்றை வீடுகளில் தங்கிவிட்டவர்களுக்கு நெஞ்சில் ஏதாவது ஆனால் ஓடுவதற்காகக் கம்பெனி என்னை வைத்திருக்கிறது. அவர்கள் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு காப்பு. வாரத்துக்கு ஒருமுறை அது எறும்பு கடித்த மாதிரி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கும். இடையில் வலி வந்தால் அவர்களே காப்பை அமுக்கி ரத்தம் எடுக்க வைக்கலாம். இதயத் தசை சேதப்பட்டால் கசிகிற ஒரு புரதம் ரத்தத்தில் இருந்தால் காப்பு கத்தும், வண்டியின் பூட்டும் திறக்கும்.

எல்லாவற்றையும் தானே செய்கிற வண்டிக்கு ஆள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. முதலில் ஆளில்லாமல்தான் விட்டார்கள். நெஞ்சு வலிக்கிற நேரத்தில் வாசலில் வந்து நிற்கிற ஆளில்லாத வண்டியில் ஏற யாரும் சம்மதிக்கவில்லை. பிறகுதான் சட்டம் வந்தது. வண்டியோடு ஒரு மனிதர் போக வேண்டும். போனதும் ஒன்றும் தெரியாவிட்டால் உடனே திரும்பக் கூடாது. இதயப் புரதம் மெதுவாகத்தான் கசியும் என்பதால், மூன்று மணி நேரம் கூடவே உட்கார்ந்திருந்து மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். காகிதத்தில் அதற்குத் துணையிருப்பு நேரம் என்று பெயர்.

மற்ற நேரமெல்லாம் நான் தனி. நிலையத்தை விட்டு நடந்து எங்கும் போக முடியாது. போன நேரத்தில் எங்காவது காப்பு கத்தினால் ஒரு உயிர் போகும். பேச்சு மறந்துவிடக் கூடாதே என்று அடுப்போடு பேசுவேன். அடுப்பு எதிர்த்துப் பேசாது என்பதால் பழக்கம் நீடித்தது.

செண்பகவல்லியின் காப்பு முதன்முதலில் கத்தியது ஒரு செவ்வாய்க்கிழமை, அவருடைய வாரச் சோதனை நாளில். போய் இறங்கினேன். ஐம்பதைத் தாண்டிய வயது, என் வயதுதான். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். மகள் சென்னையில். வாசலில் நின்று அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அம்மா, படுங்க. நெஞ்சு எப்படி இருக்கு?" என்றேன்.

"நெஞ்சு நெஞ்சாத்தான் இருக்கு. என்னய அம்மாங்காதிய. ஒங்க தலையில பாதி நரச்சுக் கெடக்கு."

"பின்ன எப்படிக் கூப்பிட?"

"கூப்பிடாதிய. நாந்தான் இங்கனயே நிக்கேன்லா."

வண்டியிலிருந்த கருவிகளை எல்லாம் போட்டுப் பார்த்தேன். இதயத் துடிப்புக் கோடு ஒழுங்காக ஓடியது. மூச்சு, அழுத்தம் எல்லாம் சரி. ஆனால் ரத்தத்தில் புரதம் உச்சியில் நின்றது. மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். மறுபடி பார்த்தால் அதே உச்சி. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஏறி இறங்காவிட்டால் மாரடைப்பு இல்லை என்பது விதி. அதற்குள் அவர் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் செய்து போட்டிருந்தார். வேறொரு மனிதர் சமைத்ததைச் சாப்பிட்டு எத்தனை காலமாயிற்று என்று எனக்கு அங்கே உட்கார்ந்துதான் உறைத்தது. திரும்பி வந்து அடுப்போடு பேசவில்லை.

அடுத்த செவ்வாயும் கத்தியது. அதற்கடுத்த செவ்வாயும். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை கொண்டுபோய் ரத்தக் குழாய்களைப் படம் பிடித்தும் பார்த்தார்கள். குழாயெல்லாம் சின்னப் பெண்ணுக்கு இருப்பது போல இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு செவ்வாய்க்கிழமை என்றால் நான் காலையிலேயே சவரம் செய்துகொள்ளத் தொடங்கினேன். அவர் வாசலில் நின்றபடியே, "வந்துட்டியளா டாக்டரு, வாங்க" என்பார். நான் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்க மாட்டார். "சாப்பாட்டுக்குச் சரியா வந்து நிக்கியள்லா, டாக்டருதான்" என்பார்.

ஒரு நாள் தலைமையகத்திலிருந்து சுகிர்தா மேடம் அழைத்தார்.

"நயினார் சார், அந்தம்மா விலங்குகளோட வேலை பார்த்தவங்களா?"

"ஆமா மேடம். மலையடிவாரத்துல முன்னாடி ஒரு மருந்துக் கம்பெனி இருந்துதே, அங்க எலி வளக்கிற வேலை. முப்பது வருசம் எலிக்குத் தீனி போட்டிருக்காங்க."

"கடி வாங்கியிருப்பாங்களே."

"கையெல்லாம் தழும்புதான்."

"அதேதான். நம்ம காப்புல புரதத்தைப் பிடிக்கிற ரெண்டு ஆன்டிபாடியும் எலியிலிருந்து வந்தது. அவங்க உடம்பு எலிச் சரக்கைப் பார்த்தாலே பிடிச்சுக்கப் பழகியிருக்கு. புரதம் இல்லாமலே விளக்கு எரியுது. புதுக் காப்பு அனுப்புறேன். முயல், ஒட்டகம், கோழி, மூணிலிருந்தும் எடுத்த மூணு ஆன்டிபாடி. மூணும் ஒத்துக்கிட்டாத்தான் கத்தும். சீக்கிரம் மாட்டிடுங்க."

"அவசரமா மேடம்?"

"போன செவ்வாய்க்கிழமை நீங்க அங்க உட்கார்ந்திருந்தப்போ காவல்கிணறு பக்கம் ஒருத்தருக்கு நெஜமாவே வந்துது. உங்க வண்டி இல்லாம நாகர்கோவில்ல இருந்து வண்டி போச்சு. பொழைச்சுட்டார். ஆனா பாதி இதயம் போச்சு. அவசரமான்னு கேக்குறீங்களே."

எனக்குச் சோற்றில் மண் விழுந்தது போல இருந்தது. அந்தக் காவல்கிணற்று மனிதரின் முகத்தை நான் பார்த்ததில்லை. பார்க்காத முகம் பல நாள் கண்ணுக்குள் நின்றது.

புதுக் காப்பை எடுத்துக்கொண்டு அடுத்த செவ்வாய் போனேன். சாப்பிட்டு முடித்துத்தான் பேச்சை எடுத்தேன். அதற்கு முன்னால் எடுக்க வாய் வரவில்லை.

"ஒங்க நெஞ்சுல ஒண்ணும் இல்ல. காப்புதான் தப்பாச் சொல்லுது."

"காப்பு எதுக்குப் பொய் சொல்லுது? அதுக்கு என்ன வந்துது?"

எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். "ஒரு கட்டிலத் தூக்க ரெண்டு ஆளு வேணும்லா? தலமாட்டுல ஒருத்தன், கால்மாட்டுல ஒருத்தன். நெஞ்சுல இருந்து கசியுற புரதந்தான் கட்டிலு. காப்புக்குள்ள ரெண்டு ஆளு இருக்கான். ரெண்டு பேரும் ஒரே கட்டிலப் புடிச்சாத்தான் விளக்கு எரியணும். ஒங்க ரத்தத்துல கட்டிலே இல்ல. ஆனா எலிவீட்டுல வேல பாத்துப் பாத்து, ஒங்க ரத்தத்துல ஒண்ணு இருக்கு. அது ரெண்டு பேரு கையையும் புடிச்சிக்கிட்டு நிக்கி. கட்டிலு இருக்குன்னு காப்பு நெனச்சுக்கிடுது."

அவர் சிரித்தார். "கட்டிலே இல்லாம ரெண்டு பேரும் கையப் புடிச்சிக்கிட்டு நிக்கானுவளாக்கும். நல்ல பயலுவதான்."

"இது புதுசு. முயலு, ஒட்டகம், கோழின்னு மூணு ஆளு. எலிக்குத்தான் ஒங்களத் தெரியும். இவனுகளுக்குத் தெரியாது."

"கோழிக்குத் தெரியுமே. எத்தன கோழி வளத்திருக்கேன்."

"வளத்துத் தின்னிருக்கிய. கோழிகிட்டக் கடி வாங்கலல்லா."

அதற்கும் சிரித்தார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இத மாட்டினா செவ்வாக்கெழம கத்துமா?"

"கத்தாது."

"வண்டி?"

"கத்தாம பூட்டு தெறக்காது."

"அப்ப எனக்கு வேண்டாம். பழசே இருக்கட்டும்."

அவர் சம்மதமில்லாமல் மாட்டக் கூடாது என்பது சட்டம். நான் வற்புறுத்தவில்லை. காவல்கிணற்றுக்காரரைப் பற்றிச் சொல்லவும் இல்லை. சட்டத்தை மதிக்கிற ஆள் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டு, புதுக் காப்பைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன். உள்ளுக்குள் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தது மனசு. கள்ளனும் தானே, காவல்காரனும் தானே என்கிற கதை.

சந்தோஷம் நிலைக்கவில்லை. நிலையத்தில் தனியாக இருப்பவனுக்கு யோசிக்க நேரம் அதிகம். அவர் ரத்தத்தைச் சோதித்தால் அளவு எப்போதும் உச்சியிலேயே நிற்கிறது. நிஜமாகவே ஒருநாள் மாரடைப்பு வந்தால் அது எங்கே ஏறும்? ஏற இடமே இல்லை. வண்டியிலிருக்கிற சோதனையும் அதே எலி ஆன்டிபாடிதான். எல்லா மாரடைப்பும் துடிப்புக் கோட்டிலும் தெரிந்துவிடாது. புலி வருது புலி வருது என்று வாரா வாரம் கேட்டுப் பழகிய நான், புலி வந்த அன்றும் துவையலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த எண்ணம் வந்த பிறகு எள்ளுத் துவையல் வாயில் கசந்தது. ஆனாலும் சில செவ்வாய்க்கிழமைகள் ஒன்றும் சொல்லாமலே போய்ச் சாப்பிட்டு வந்தேன்.

ஆடிக் காற்று தொடங்கியது. அம்மியும் பறக்கும் என்கிற காற்றில் வண்டி இறங்கவே தடுமாறியது. அன்று அவர் வாசலில் நிற்கவில்லை. உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்தார். சோறு எடுத்து வைத்திருந்தார்.

"ஒங்களுக்கு?" என்றேன்.

"நான் முன்னாடியே தின்னாச்சு. ஒங்களுக்காக எவ காத்துக்கெடப்பா?"

துடிப்புக் கோடு எப்போதும் போலத்தான் ஓடியது. ரத்தம், எப்போதும் போல உச்சி. நான் சோற்றில் கையை வைத்தேன். வைத்தவன் எடுத்துவிட்டேன். இனிமேல் முடியாது என்று தோன்றியது.

"ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதிய. போன மாசம் நான் இங்க ஒக்காந்திருக்கையில காவல்கெணத்துல ஒருத்தருக்கு வந்துட்டு. என் வண்டி போக முடியல. ஆளு பொழச்சாரு, ஆனா எந்திரிச்சு நடமாட மாட்டாரு."

அவர் முகம் சுருங்கியது. "இத முன்னாடியே சொல்லியிருக்க வேண்டாமா?"

"சொல்லியிருக்கணும். சொல்ல மனசு வரல. இன்னொண்ணும் இருக்கு. இந்தப் பழைய காப்ப வச்சுக்கிட்டு ஒங்களுக்கு நெசமாவே வந்தா எனக்குத் தெரியாது. ஒங்களுக்கு முன்னால ஒக்காந்து சோறு தின்னுக்கிட்டிருப்பேன். நீங்க பக்கத்துலயே போயிருவிய. எனக்குத் தெரியாது."

அவர் என் தட்டைப் பார்த்தார். பிறகு சன்னலைப் பார்த்தார். வெளியே காற்றாலைகள் வெறி பிடித்த மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன. பிறகு கையை நீட்டினார்.

"மாட்டுங்க."

நான் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். கழற்றிய இடத்தில் தோல் வெளுத்திருந்தது. இதுதான் கடைசித் துணையிருப்பு என்று நினைத்தேன். துக்கமாகத்தான் இருந்தது. அதை மறைக்க, "ஒட்டகம் என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்று விளையாட்டாகச் சொன்னேன்.

காப்பு ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டதும் முதல் விளக்கு எரிந்தது. கருவி புதிது, கோளாறாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டாவது எரிந்தது. நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. அத்தனை காற்றிலும் வியர்வை. மூன்றாவது விளக்கும் எரிந்து காப்பு கத்தத் தொடங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேலை. மருந்தை நாக்குக்கு அடியில் வைத்தேன், தூக்கி வண்டியில் போட்டேன், திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கதவு திறந்து காத்திருந்தார்கள். வண்டி ஆடி ஆடிப் போகையில் அவர் என் சட்டைக் கையைப் பிடித்திருந்தார். அங்கே உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது ஒரு நர்ஸ் அந்த விரல்களைப் பிரித்துவிட்டாள். நீங்கள் யார், சொந்தமா என்று கேட்டாள். வண்டியோடு வந்த ஆள் என்று சொன்னேன். அப்படியானால் வண்டியில் இருங்கள் என்றாள்.

பிழைத்துக்கொண்டார். அடைப்பை எடுத்துவிட்டார்கள். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் கதை வேறு என்று சுகிர்தா மேடம் சொன்னார். எல்லா வீட்டுக்கும் புதுக் காப்பு வந்தது. பொய்க் கூச்சல் ஒழிந்தது. மூன்று ஆன்டிபாடியும் ஒத்துக்கொண்ட பிறகு சந்தேகத்துக்கு இடமேது என்று துணையிருப்பு விதியையும் எடுத்துவிட்டார்கள். இப்போது நான் போவது அபூர்வம். போனால் நேரே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி. உட்காருவது என்ற பேச்சே இல்லை. பல உயிர்கள் இதனால் தப்பியிருக்கின்றன. அதை நான் மறுக்கவே மாட்டேன். காவல்கிணற்றுக்காரர் விழுவதற்கு முன்னமே இந்தப் புதுக் காப்பு வந்திருக்கலாம்.

செண்பகவல்லியை மகள் வந்து சென்னைக்குக் கூட்டிப் போய்விட்டாள். நிஜமான இதய நோயாளி தனி வீட்டில் இருக்கக் கூடாது. நோய் பொய்யாக இருந்த வரைக்கும் அவர் இங்கே இருந்தார். உண்மையானதும் கொண்டுபோய்விட்டார்கள். அவர் வீட்டுக் கதவை யார் பூட்டினார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமைச் சவரத்தை மட்டும் நான் விடவில்லை.

நேற்று நிலையத்துப் போன் அடித்தது.

"டாக்டரா?"

"டாக்டரு இல்ல" என்றேன்.

"சாப்பிட்டியளா?"

"ஆச்சு. நீங்க எப்படி இருக்கிய? மக நல்லாப் பாத்துக்கிடுதாளா?"

"அவளச் சொல்லப்பிடாது. தங்கமானவ. மருந்து நீட்ட ஒரு மிசினு, காலமுக்க ஒரு மிசினு. அவ இருக்கா, மருமவன் இருக்காவ, பிள்ளைய இருக்கு. வாரதும் போறதுமா வீடு கலகலன்னுதான் கெடக்கு. ஒருத்தரும் ஒக்கார மாட்டுக்காவ."

போன் என்றாலே அவருக்குப் பிடிக்காது. முகத்தைப் பார்க்காமல் என்னத்தைப் பேச என்பார்.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு கெடந்துது" என்றார். "அந்த வலி எனக்குத் திங்கக்கெழமயே வந்துட்டு."

"என்னது?"

"திங்கக்கெழம மத்தியானமே வந்துட்டு. நெஞ்ச அப்பிடியே புடிச்சுது. இது வேற வலின்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அமுக்கியிருக்கலாம்லா! ஏன் அமுக்கல?" எனக்குக் கோபம் வந்தது. கத்திவிட்டேன். "செத்திருப்பிய, தெரியுமா?"

"பொய் வலின்னா நீங்க வருவிய. நெச வலின்னா ஆசுபத்திரியில்லா வரும். எப்பிடியும் மறுநாளு செவ்வாக்கெழமதான, ஒரு பொழுது பேசிக்கிட்டு இருந்துட்டுப் பொறவு என்னமும் ஆவட்டும்னு நெனச்சேன்."

"அப்ப ஏன் மாட்டச் சொன்னிய?"

"நீங்கதான அப்பிடிச் சொன்னிய. சோத்துல கைய வச்சிக்கிட்டு நீங்க இருக்கையில நான் சாஞ்சு போயிட்டேன்னு வையிங்க. அதுக்குப் பொறவு ஒங்களுக்கு ஆயுசுக்கும் சோறு எறங்குமா?"

நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன். தனியாக இருப்பதில் ஒரு வசதி, யாரும் பார்ப்பதில்லை.

"என்ன, சத்தத்தையே காணும்?"

"இருக்கேன். இப்ப வலி ஏதும் இருக்கா?" என்றேன். வேறு எதையும் கேட்க எனக்குத் தெரியவில்லை.

"இருக்கு" என்றார்.

"எங்க?"

"நெஞ்சுலதான்."

"காப்ப அமுக்கினியளா?"

"நேத்து அமுக்கினேன். இன்னைக்கும் அமுக்கினேன். முயலும் இல்லங்குது, ஒட்டகமும் இல்லங்குது, கோழியும் இல்லங்குது."

"மூணும் இல்லன்னா இல்லதான். அது பொய் சொல்லாது."

"தெரியும்" என்றார் செண்பகவல்லி. "அதான் ஒருத்தரும் வரல."

மேசைக்கு அந்தப் பக்கம் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்துவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன்.